கண்ணில் பட்டால் போதுமா? கணக்கில் வர வேண்டாமா?

(திருவனந்தபுரத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது செயற்குழு இன்று ஒரு புதிய விஷயத்தைப் பேசச் சொல்லியிருக்கிறது. இணையத்தில், சமூக வலைத்தளங்களில், நம்மைப் போன்றவர்களின் குரல் நாலு பேர் காதில் விழ வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. வாலிபர்கள் சொல்கிறார்கள்: "பேஸ்புக்கில் பக்கம் இல்லாத சங்கம் இந்தக் காலத்தில் சங்கமே இல்லை." பெரியவர்கள் கேட்கிறார்கள்: "போனைத் தடவிக் கொண்டிருந்தால் கூலி உயருமா?" இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தான் முழு நியாயம் கிடைக்கும்.

சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குகிறோம். கிழக்கேகோட்டையில் பூ கட்டுகிறோம். தேய்ப்பு வண்டி தள்ளுகிறோம். கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறோம். காலை முதல் இரவு வரை இந்த நகரத்தின் கண்ணில் படாமல் நம்மால் இருக்க முடியாது. ஆனால் சர்க்கார் ஆபீஸ்களில் இருக்கும் பட்டியல்களைப் புரட்டினால் நம்மில் பலருடைய பெயர் அங்கே இல்லை. கண்ணில் படுவது வேறு, கணக்கில் வருவது வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித் தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

செங்கல்சூளைப் பிள்ளைகள்

தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது செங்கல்சூளை. காகிதத்தில் அதன் பெயர் ராஜாஜி நகர். அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த நகரத்தில் வெகு காலமாக உண்டு. 2021 ஜூலையில் அந்தக் காலனிப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். 2009-ல் வந்த 'அயன்' படத்தின் பாட்டுக் காட்சியை, தங்கள் சந்துகளிலும் மாடிப்படிகளிலும் தாங்களே ஆடி, செல்போனிலேயே படம் பிடித்து வெளியிட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நடிகர் சூர்யாவே பார்த்துவிட்டுப் பாராட்டிப் பகிர்ந்தார். பத்திரிகைகள் காலனியைத் தேடி வந்தன.

இது எப்படி நடந்தது என்று நாம் ஆராய வேண்டும். முதலாவது, வேலை சுத்தமாக இருந்தது. இரண்டாவது, எல்லோரும் ஏற்கனவே தேடிக் கொண்டிருக்கிற ஒரு படத்தின் பெயர் அதோடு ஒட்டிக் கொண்டிருந்தது. மூன்றாவது, காலம் பார்த்து வந்தது. ஜூலை 23 சூர்யாவின் பிறந்த நாள். அந்த மாதம் முழுவதும் அவருடைய ரசிகர்கள் அவரைப் பற்றியே பார்த்துக் கொண்டும் பகிர்ந்து கொண்டும் இருப்பார்கள். நல்ல சரக்கு, தெரிந்த பெயர், சரியான வேளை. இம்மூன்றும் சேர்ந்தால் காசு செலவில்லாமல் கவனம் கிடைக்கும் என்பதை அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள். காலனியின் பெயருக்கு ஒட்டியிருந்த அழுக்கில் கொஞ்சம் கழுவினார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் பாட்டு பெயரை மாற்றும். பட்டா எழுதித் தராது.

மூணாறு சொல்லும் பாடம்

பட்டா எழுதி வாங்குகிற விஷயத்துக்கு மூணாறு போக வேண்டும். 2015 செப்டம்பரில், கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனி அறிவித்த போனஸ் 10 சதவீதம். அவர்கள் கேட்டது 20 சதவீதம். தங்கள் பெயரில் பேசிக் கொண்டிருந்த ஆண் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். தமிழில் கோஷம் போட்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத் தொகை, ஆக 20 சதவீதம் என்று உடன்பாடு ஏற்பட்டது. அன்றைக்கு நாட்கூலி 232 ரூபாய். அடுத்த மாதம் அது 301 ரூபாய் ஆயிற்று. கேட்டது 500, கிடைத்தது 301. ஆனாலும் கேட்டதால் தான் கிடைத்தது.

அந்தப் பெண்களிடம் விளம்பரக் கம்பெனி இல்லை. ஆனால் டி.வி. காமிராக்கள் வந்தன, செல்போனில் எடுத்த படங்கள் கை மாறி உலகம் சுற்றின. ஏன்? அவர்களுடைய கோரிக்கை ஒரே வரியில் இருந்தது: 20 சதவீதம். யாரிடம் கேட்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெளிவாக இருந்தது. பார்க்கிறவன் அரை நிமிஷத்தில் புரிந்து கொண்டு அடுத்தவனுக்கு அனுப்ப முடிந்தது. படம் ஊரைச் சுற்றிய போதும் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவில்லை. இது முக்கியம். செல்போன் அந்தப் போராட்டத்தின் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்குத் தொண்டை கிடையாது. தொண்டை ரோட்டில் இருந்தது.

பெட்டிமுடி

அதே மலையில், அதே கம்பெனியின் தோட்டத்தில், அதே தமிழ்க் குடும்பங்களுக்கு 2020-ல் என்ன நடந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டார்கள். மழையில் மின்சாரமும் இல்லை, தொலைபேசித் தொடர்பும் இல்லை. செய்தி வெளியுலகத்துக்கு எட்டியது மறுநாள் காலையில் தான். மண்ணுக்கு அடியில் மனிதர்கள் கிடந்த அந்த இரவு முழுவதும், மேலே இருந்தவர்களால் ஒரு வார்த்தை வெளியே அனுப்ப முடியவில்லை.

மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமான விபத்து. 21 பேர் மாண்டார்கள். அவர்களிலும் பலர் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்கள். அவர்கள் குடும்பத்தின் கண்ணீர் நம் கண்ணீருக்குக் குறைந்ததல்ல. ஆனால் மாநில அரசு ஆரம்பத்தில் அறிவித்த உதவித் தொகை அங்கே 10 லட்சம், பெட்டிமுடியில் 5 லட்சம். முதலமைச்சரும் கவர்னரும் கோழிக்கோட்டுக்கு மறுநாளே போனார்கள். பெட்டிமுடிக்கு 13-ம் தேதி போனார்கள். "ஏன் இந்த வித்தியாசம்?" என்ற கேள்வி சமூக வலைத்தளங்களில் பலமாக எழுந்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? தொடர்பு என்பது ஆடம்பரம் அல்ல. ரேஷன் அரிசி மாதிரி, குடிதண்ணீர் மாதிரி, அதுவும் உயிர் காக்கிற பொருள். நம் குடியிருப்பில் சிக்னல் இருக்கிறதா என்பது சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் வர வேண்டிய விஷயம்.

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

இப்போது தொழில் ரகசியத்துக்கு வருவோம். பேஸ்புக்கிலோ யூடியூபிலோ நாம் போடுகிற ஒன்றை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று தீர்மானிப்பது ஒரு கணக்கு இயந்திரம். அது கேட்பது ஒன்றே ஒன்று: "இதைக் காட்டினால் பார்க்கிறவன் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருப்பானா?" இருந்தால் அவனுக்கு இன்னும் நாலு விளம்பரம் காட்டலாம். கம்பெனியின் வருமானம் அதில் தான்.

2021-ல் பேஸ்புக்கின் உள்விவரக் காகிதங்கள் வெளியே வந்தன. பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அவற்றை வெளியே கொண்டு வந்தார். 2017 முதல், ஒரு 'லைக்'குக்கு ஒரு மார்க் என்றால், கோபமுகக் குறி உள்ளிட்ட முகக் குறிகளுக்கு ஐந்து மார்க் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கோபம் மூட்டுகிற பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே சொன்ன பிறகு தான், கோபக் குறியின் மார்க்கைப் படிப்படியாகப் பூஜ்யம் ஆக்கினார்கள். சிந்தித்துப் பாருங்கள்! நாம் கொதித்துப் போய்க் குத்தின குறியில் அவர்கள் கல்லாப் பெட்டி நிறைந்தது. நம் கோபம் நியாயமானது தான். ஆனால் அது மனு எழுதவும் அணி திரளவும் உதவ வேண்டும். எவனோ ஒருவன் விளம்பரம் விற்கும் எரிபொருளாகப் போய்விடக் கூடாது.

மூட்டைக்கு விலாசம்

தேடுகிறவனுக்கு நம் சங்கதி கிடைக்கும்படி எழுதி வைப்பதை இங்கிலீஷில் ஆப்டிமைசேஷன் என்கிறார்கள். பெயர் தான் பெரியது. ரயில்வேயில் வேலை செய்கிற எங்களுக்கு இது பழகின விஷயம். பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை வருகிறது. அனுப்பியவர் யார், வாங்குகிறவர் யார், எந்த ஸ்டேஷன் என்று மேலே எழுதியிருந்தால் போய்ச் சேரும். எழுதவில்லை என்றால் உள்ளே தங்கமே இருந்தாலும் மூலையில் கிடந்து கடைசியில் ஏலத்துக்குப் போகும். கூகுள் போன்ற தேடுபொறியும் அப்படித் தான். அது நம் மனசைப் படிப்பதில்லை. மூட்டை மேல் எழுதியிருக்கிற எழுத்தைத் தான் படிக்கிறது.

ரயிலில் தண்ணீர் இல்லை என்று ஒருவர் 139-க்கோ 'ரயில் மதத்' செயலிக்கோ புகார் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வண்டி எண், பெட்டி எண், பி.என்.ஆர். எண் கொடுத்தால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் ஆள் வர வழி இருக்கிறது. "ரயில்வே ஒழிக" என்று மட்டும் எழுதினால் எந்த வண்டிக்கு ஆள் அனுப்புவது?

ஆகவே, சங்கத்தின் பெயரில் எதை வெளியிட்டாலும் ஐந்து விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தலைப்பிலேயே ஊர், பிரச்சினை, தேதி மூன்றும் இருக்க வேண்டும். "அநியாயம் பாருங்கள்" என்று தலைப்புப் போட்டால் நாட்டில் உள்ள அநியாயத்தோடு அநியாயமாய் அதுவும் மறைந்து போகும்.

இரண்டு, ஜனங்கள் எந்த வார்த்தையால் தேடுவார்களோ அந்த வார்த்தையைப் போட வேண்டும். 2024-ல் கொச்சுவேளி ஸ்டேஷன் 'திருவனந்தபுரம் நார்த்' ஆயிற்று. நேமம் 'திருவனந்தபுரம் சவுத்' ஆயிற்று. ஊரிலிருந்து வருகிற நம் ஜனம் இன்னமும் பழைய பெயரைத் தான் சொல்லும். இரண்டு பெயரையும் எழுதுங்கள். தமிழில் எழுதியதன் கீழே மலையாளத்திலும் நாலு வரி எழுதுங்கள். தீர்மானம் எடுக்கிற அதிகாரியும், பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பது மலையாளம். அவர்கள் நமக்கு அந்நியர் அல்ல.

மூன்று, நோட்டீசைப் போட்டோ எடுத்துப் போடுவதோடு நிறுத்தாதீர்கள். அதில் உள்ள வாசகத்தை எழுத்தாகவும் அடியுங்கள். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றினால், தேடுகிற இயந்திரத்துக்கு அது தமிழே அல்ல. இங்கிலீஷ் எழுத்துக்களின் குப்பை. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

நான்கு, வீடியோவானால் முதல் சில விநாடிகளில் விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் பின்னால் இருக்கட்டும். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்காகக் கீழே எழுத்தும் ஓட வேண்டும்.

ஐந்து, யாரிடம் என்ன கேட்கிறோம் என்ற ஒரு வரி கடைசியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். நம் பிள்ளைகளின் ஜாதிச் சான்றிதழ். 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி பட்டியல் ஜாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கணக்கு. அதற்குப் பிறகு இங்கே குடிவந்த குடும்பத்தின் பிள்ளை இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தாலும், கேரளத்தின் பட்டியல் ஜாதிச் சலுகை கேட்டுப் போனால் கதவு அடைபடுகிறது. இதைப் பற்றி "எங்கள் பிள்ளைகளை வஞ்சிக்கிறார்கள்" என்று எழுதினால் நூறு கோப முகம் கிடைக்கும். "திருவனந்தபுரம் தாலுகாவில் இத்தனை குடும்பங்கள், இந்தப் படிப்பு, இந்தத் தேதியில் மனு, இந்தத் தேதியில் நிராகரிப்பு, எங்கள் கோரிக்கை இது" என்று எழுதினால் ஒரு நிருபர் கூப்பிடுவார், ஒரு வக்கீல் கூப்பிடுவார், ஓர் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கூப்பிடுவார். நூறு கோப முகத்தை விட அந்த மூன்று டெலிபோன் மேல்.

கடை வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு

தேய்ப்புக் கடை, இட்லிக் கடை, தையல் கடை வைத்திருக்கிற நம் குடும்பங்களுக்கும் இது பயன்படும். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. கடையின் பெயர், சரியான இடம், திறக்கிற நேரம், போன் நம்பர், இரண்டு நல்ல போட்டோ. இவ்வளவு தான். மாதா மாதம் பணம் கொடுத்தால் முதல் பக்கத்தில் வர வைக்கிறேன் என்று வருகிற ஏஜெண்டை நம்பாதீர்கள். தேடலில் இயல்பாக வரும் இடத்தைக் கூகுள் விற்பதில்லை. விளம்பரத்தைத் தனியாக, விளம்பரம் என்று குறித்துத் தான் காட்டுகிறது. காசுக்கு 'லைக்' வாங்குவதும் அப்படியே. ஆயிரம் பொய் 'லைக்' ஒரு தோசை வாங்காது.

பொய்க்கு வேகம் அதிகம்

கவனம் கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு 2023 மார்ச் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களை வெட்டி ஒட்டியவை அவை. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். பயந்து போன ஏழைத் தொழிலாளர்கள் வேலையை விட்டு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழ்நாட்டு முதலமைச்சர் இங்கிருந்து அதிக தூரம் இல்லாத காவல்கிணற்றுக்கு வந்து, தொழிலாளர்களைச் சந்தித்து தைரியம் சொன்னார். பொய் வீடியோ போட்டவர்கள் மேல் வழக்குகள் வந்தன.

அங்கே அவர்கள் என்ன நிலையில் இருந்தார்களோ, இங்கே நாம் அதே நிலையில் இருக்கிறோம். பிழைக்க வந்த இடத்தில் ஒரு பொய் வீடியோ போதும், நாளைக்கு நம் குடிசைக்கு முன்னால் கூட்டம் கூட. ஆகவே, யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று தெரியாத எதையும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. 'பலமுறை அனுப்பப்பட்டது' என்ற குறி இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும். மலையாளி–தமிழன் சண்டையை மூட்டுகிற ஒரு வரி கூட நம் கையிலிருந்து போகக் கூடாது. நம் பெண்கள், குழந்தைகள் படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது.

வலை போட்டு நம்மைத் தேடி வருகிறவர்களும் உண்டு. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்ற விளம்பரங்களை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022-ல் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பலிடம் மாட்டிக் கொண்டார்கள். பதின்மூன்று பேர் அந்த அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தார்கள். கவனத்தை இழுக்கிற வித்தை நமக்கு மட்டும் தெரிந்ததல்ல.

அடுத்தவன் நிலத்தில் வீடு

இன்னொன்று. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடைக்கான காரணத்தை இங்கே விவாதிக்கவில்லை. டிக்டாக்கில் லட்சம் ரசிகர்களைச் சேர்த்திருந்த எத்தனையோ உழைப்பாளிப் பிள்ளைகள் மறுநாள் காலையில் வெறும் கையோடு நின்றார்கள். பேஸ்புக் பக்கம் நம் பெயரில் இருந்தாலும் நிலம் நம்முடையதல்ல. கம்பெனி விதியை மாற்றினால் நம் குரல் ஒரே இரவில் அடங்கும். ஆகையால் ஒவ்வொரு அங்கத்தினரின் பெயர், தொழில், ஊர், போன் நம்பர் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதப்பட்டு, சங்கத்தின் பெட்டியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். எந்த இயந்திரமும் அதை அழிக்க முடியாது.

கணக்கில் வருவோம்

முடிவுக்கு வருகிறோம். இணையத்தில் நாம் முதலில் பதிவாக வேண்டிய இடம் பேஸ்புக் அல்ல, தோழர்களே! 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் இ-ஷ்ரம் பட்டியல் இருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்கள் ஆதாரைக் கொண்டு அதில் பதிவு செய்து பன்னிரண்டு இலக்க எண் பெறலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2017-ல் 'ஆவாஸ்' காப்பீட்டைக் கொண்டு வந்தது. 2023-ல் 'அதிதி' பதிவு முறையைத் தொடங்கியது. இவையும் இணையம் தான். இங்கே நடனம் ஆட வேண்டாம், 'லைக்' கேட்க வேண்டாம். ஆனால் ஒரு விபத்து நடந்து வீட்டுக்காரர் போய்விட்டால், விதவையின் கையில் பேசப் போவது இந்தக் காகிதம்.

ஆகவே செயற்குழுவின் முன் மூன்று யோசனை வைக்கிறோம். நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு வாலிபர்களும் இரண்டு பெண்களும் அடங்கிய ஒரு குழு சங்கத்தின் பக்கத்தை நடத்தட்டும். செயலாளர் பார்க்காமல் எதுவும் வெளியே போக வேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம் சங்க அறையில் அங்கத்தினர்களுக்குப் பதிவு செய்து கொடுக்கட்டும். ஒரு பைசா வாங்க வேண்டாம். மாதம் ஒரு கோரிக்கை, ஒன்றே ஒன்று, முழு விவரத்தோடு வெளியாகட்டும். அது தீரும் வரை அதையே பேசுவோம்.

மூணாற்றுப் பெண்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். காமிரா பிறகு வந்தது. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் செல்போன் நமக்கு ஊழியம் செய்யும். மாற்றினால் நாம் அதற்கு ஊழியம் செய்வோம்.

ஒன்றாக உட்காருவோம்! உண்மையை விலாசத்தோடு அனுப்புவோம்! கணக்கில் வருவோம்!